இரண்டு மணி நேரப் பதிவும் ஒரு மட்டக்கம்பும்

கேள்வி: என் அம்மாவுக்கு 78 வயது. இலங்கையில் ஹட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். தோட்டத் தமிழர்களை இரு நாடுகளும் பங்கிட்டுக்கொண்ட ஸ்ரீமாவோ-சாஸ்திரி ஒப்பந்தப்படி 1973இல் கப்பலேறி வந்து, கோத்தகிரி பக்கம் மறுபடியும் தேயிலைத் தோட்டத்திலேயே வேலை பார்த்து ஓய்வு பெற்றார். அவருடைய அக்கா குடும்பம் அங்கேயே தங்கிவிட்டது. நாங்கள் கோவையில் இருக்கிறோம். மகளுக்கு 14, மகனுக்கு 9. இருவரும் தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிப்பார்கள். அப்பாயி பேச ஆரம்பித்தால் ‘இதை முன்னாடியே சொல்லிட்டீங்க’ என்று எழுந்துவிடுகிறார்கள். போன பொங்கலுக்கு இரண்டு மணி நேரம் போனில் பதிவு செய்தேன். ‘கஷ்டப்பட்டோம், வந்தோம்’ என்பதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. அக்காவைப் பற்றிக் கேட்டதும் அழுதுவிட்டார், நிறுத்திவிட்டேன். அந்தப் பதிவை நானே மறுபடி கேட்கவில்லை. பழைய பாஸ்போர்ட்டும் சில போட்டோக்களும் பீரோவில் இருக்கின்றன. எங்கிருந்து தொடங்குவது?
— வாசகர், கோவை

பதில்: அந்த இரண்டு மணி நேரப் பதிவை அழித்துவிடாதீர்கள், அதிலும் சரக்கு இருக்கும். ஆனால் அதை யாரும் கேட்காததில் வியப்பில்லை. எந்த நிமிடத்தில் என்ன இருக்கிறது என்று தெரியாத நீளமான பதிவைப் பெற்ற பிள்ளையே திறக்க மாட்டான். பறித்த கொழுந்தை அன்றைக்கே பாக்டரிக்கு அனுப்பாவிட்டால் சாக்குக்குள்ளேயே சூடேறிக் கெட்டுப்போகும் என்பது உங்கள் அம்மாவுக்குத் தெரியும். பதிவும் அப்படித்தான். பேச வைப்பது பாதி வேலை. நறுக்கிப் பெயர் எழுதி வைப்பது மீதிப் பாதி. பெரும்பாலான வீடுகளில் இந்த இரண்டாம் பாதி நடப்பதே இல்லை.

முதலில் கேள்விகளைப் பார்ப்போம். ‘அங்கே வாழ்க்கை எப்படிம்மா இருந்தது?’ என்று கேட்டால் ‘கஷ்டமாத்தான் இருந்துச்சு’ என்ற பதிலைத் தவிர வேறு என்ன வரும்? அது பெரிய கேள்வி, அதற்குத் தயாராக ஒரு சின்னப் பதில் எல்லோரிடமும் இருக்கும். இடத்தையும் கையையும் கேளுங்கள். லயத்துக்கு (தோட்டத்து வரிசை வீடுகள்) முன்னால் நின்றால் இடது கைப் பக்கம் என்ன? உங்கள் காம்பரா (அறை) எத்தனையாவது? அடுப்பு உள்ளேயா, இஸ்தோப்பிலா (திண்ணை)? தண்ணி விழும் பீலிக்கு எத்தனை வீட்டைத் தாண்டிப் போக வேண்டும்? ஒரு பெரிய சார்ட்டை மேசையில் விரித்து, மகன் கையில் பென்சிலைக் கொடுத்து, அப்பாயி சொல்லச் சொல்ல லயத்தை வரையச் சொல்லுங்கள். அவன் தப்பாக வரைவான். ‘அட, அங்க இல்லடா, பெரட்டுக்களம் இந்தப் பக்கம்’ என்று அவரே பென்சிலை வாங்குவார். அதற்குப் பிறகு நீங்கள் கேள்வி கேட்கவே தேவையிருக்காது. படம் அழகாக இல்லாவிட்டாலும் தேதி போட்டு வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் அதுதான் எல்லாக் கதைகளுக்கும் அட்டவணை.

வேலையைக் கேட்பதும் அப்படியே. காலையில் பெரட்டுக்கு, அதாவது ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கும் நேரத்துக்கு, தப்புப் பறை அடித்தார்களா, சங்கு ஊதினார்களா? கூடைக் கயிறு நெற்றியில் எந்த இடத்தில் பதியும்? சேலைமேல் சுற்றும் படங்கை இடுப்பில் எப்படிக் கட்டுவது? கொழுந்து எடை குறைந்தால் அரைப்பேர் (அரைநாள் கூலி) போட்டது யார், கணக்கப்பிள்ளையா கங்காணியா? ஒரு துண்டை எடுத்துக் கொடுத்துக் கட்டிக்காட்டச் சொன்னால் இன்னும் நல்லது. கைக்கு நினைவிருக்கிற பல விஷயங்கள் வாய்க்கு நினைவிருக்காது.

வருடத்தை நேராகக் கேட்காதீர்கள். தெரியாவிட்டால் பரீட்சையில் தோற்ற மாதிரி வாயை மூடிக்கொள்வார்கள். அம்மாவின் வயதுக்குச் சரியான சில அடையாளக் கம்பங்களை நீங்களே ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். 1955 ஜூன் 20இல் இலங்கையில் முழுச் சூரிய கிரகணம், அப்போது அவர் சிறுமி. 1959 செப்டம்பரில் பிரதமர் பண்டாரநாயக்க சுடப்பட்டார். 1964 அக்டோபரில் ஒப்பந்தம். அதே ஆண்டு டிசம்பரில் தனுஷ்கோடியைக் கடல் கொண்டது, அதற்குப் பின் தலைமன்னாரிலிருந்து கப்பலில் வந்தவர்கள் ராமேஸ்வரத்தில் இறங்கினார்கள். 1971 ஏப்ரலில் ஜே.வி.பி. என்ற இடதுசாரிக் கட்சியின் கிளர்ச்சியும் ஊரடங்கும். 1972 மே மாதம் சிலோன் என்ற பெயர் ஸ்ரீலங்கா ஆயிற்று. ‘கிரகணத்தன்னிக்கு வெளிய விட்டாங்களா?’ என்று கேட்டால் அன்றைக்கு வீட்டில் யார் யார் இருந்தார்கள், தம்பி பிறந்திருந்தானா என்பதெல்லாம் தானாக வரும். கணக்கை நீங்கள் போட்டுக்கொள்ளலாம்.

அவர் சொல்லும் தேதி தப்பென்று உங்களுக்குத் தெரிந்தாலும் நடுவில் திருத்தாதீர்கள். ஒரு முறை திருத்தினால் அடுத்த பத்து நிமிடம் உங்கள் முகத்தைப் பார்த்துப் பார்த்துத்தான் பேசுவார். பதில் முடிந்துவிட்டது போலத் தோன்றும்போது மனதுக்குள் ஐந்து வரை எண்ணுங்கள். நல்ல வாக்கியம் அந்த இடைவெளிக்குப் பிறகுதான் வரும்.

‘முன்னாடியே சொல்லிட்டீங்க’ என்கிற பிள்ளைகளின் புகாரும் நியாயம்தான். ஒரே கதை திரும்பத் திரும்ப வரும்போது நிறுத்தச் சொல்லாமல், அதன் ஓரத்தில் நிற்கும் ஆளைப் பிடியுங்கள். ‘அப்ப பக்கத்துல வேற யாரு நின்னாங்க? அவங்க என்ன கட்டியிருந்தாங்க?’ தடம் மாறிவிடும்.

பதிவு செய்யும் விதத்துக்கு வருகிறேன். சாதாரண போன் போதும், ஆனால் வைக்கும் இடம் முக்கியம். மடித்த டவல் மேல், அவர் வாயிலிருந்து ஒரு சாண், மிஞ்சினால் ஒன்றரைச் சாண் தூரத்தில் வையுங்கள். வெறும் மேசைமேல் வைத்தால் டம்ளர் வைக்கும் ஒவ்வொரு சத்தமும் இடி மாதிரி விழும். போனை ஏரோப்பிளேன் மோடில் போடுங்கள். மின்விசிறியை நிறுத்துங்கள், குக்கரை இறக்கிய பிறகு உட்காருங்கள். கோத்தகிரியில் வைத்துப் பதிவு செய்வதென்றால் தகரக்கூரை வீட்டில் மழை நேரத்தில் முயற்சியே வேண்டாம். காலரில் மாட்டும் ஒயர் மைக் வாங்கினால் தாடைக்குக் கீழே ஒரு சாணில், ஸ்வெட்டருக்கு வெளியே குத்துங்கள். சால்வைக்கு உள்ளே போனால் உரசல் சத்தம் பேச்சைத் தின்றுவிடும், அதைப் பின்னால் எந்த மென்பொருளாலும் முழுதாக எடுக்க முடியாது. 30 விநாடி பேசவைத்து, இயர்போனில் கேட்டுப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

பதிவுச் செயலியில் ‘வேவ்’ வடிவம் இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். 48 கிலோஹெர்ட்ஸ், 16 பிட், மோனோ என்றால் நிமிடத்துக்கு ஆறு எம்பிக்குச் சற்றுக் குறைவு, 40 நிமிடத்துக்கு ஏறத்தாழ 230 எம்பி. இன்றைய போனுக்கு அது ஒன்றுமில்லை. ஆரம்பத்திலேயே உங்கள் குரலில் தேதி, இடம், கூட இருப்பவர்கள் பெயரைச் சொல்லிவிடுங்கள். கோப்பின் பெயர் எப்போதோ மாறிப்போனாலும் உள்ளே இருக்கும் குரல் காட்டிக்கொடுக்கும்.

40 நிமிடத்துக்கு மேல் ஒரே மூச்சில் வேண்டாம். இரண்டு மணி நேரம் என்பது 78 வயதுக்காரருக்குத் தண்டனை. காலைச் சாப்பாடும் மாத்திரையும் முடிந்து, பத்து மணி வாக்கில் உட்காருவது உத்தமம். பல்செட், காது மிஷின் இருந்தால் மாட்டியிருக்கிறாரா என்று பாருங்கள். இது அற்பமாகத் தோன்றும், ஆனால் பாதிப் பதிவுகள் புரியாமல் போவது இதனால்தான்.

நறுக்கும் வேலையை அன்று இரவே செய்யுங்கள், மறுநாளைக்கு மேல் தள்ளாதீர்கள். ஒரு நோட்டில் இரண்டு பத்தி: இடது பக்கம் நிமிடம், வலது பக்கம் விஷயம். ‘0 முதல் 4: பீலித் தண்ணி. 4 முதல் 9: பெரிய கங்காணி வீட்டுக் கல்யாணம். 9 முதல் 11: இருமல், டீ.’ பிறகு நன்றாக வந்த இடங்களை மட்டும் இரண்டு முதல் நான்கு நிமிடத் துண்டுகளாக வெட்டி எடுங்கள். மூலப் பதிவைத் தொடாமல் நகலில் வெட்டுங்கள். 40 நிமிடத்தில் ஐந்து துண்டு கிடைத்தால் நல்ல விளைச்சல். பெயரை ‘1973_கப்பல்_அப்பாயி_03’ என்பதுபோல வையுங்கள்: சம்பவ ஆண்டு, பொருள், பேசியவர், வரிசை எண். உங்கள் பொங்கல் பதிவையும் இதேபோல அட்டவணை போட்டுப் பாருங்கள், நான்கைந்து துண்டாவது தேறும்.

இந்த வேலையை மகளிடம் கொடுத்துவிடுங்கள். 14 வயதுப் பிள்ளையைக் கதை கேட்க உட்காரவைப்பது கடினம், வெட்டி ஒட்டும் வேலை கொடுத்தால் கேட்காமல் இருக்க முடியாது. ஒரே வரியைப் பத்துத் தடவை ஓட்டிப் பார்த்தால்தான் வெட்டும் இடம் தெரியும்.

எல்லாவற்றையும் எழுத்தாக்கப் போகாதீர்கள். ஒரு மணி நேரப் பேச்சைக் கையால் எழுத ஐந்தாறு மணி நேரம் ஆகும், இரண்டாம் வாரம் நோட்டை மூடிவிடுவீர்கள். வெட்டிய துண்டுகளை மட்டும் எழுதுங்கள். தானாக எழுத்தாக்கும் செயலிகள் மலையகப் பேச்சில் (இலங்கை மலைநாட்டுத் தமிழ்) இடறும், ஒவ்வொரு வரியையும் சரிபார்க்க வேண்டும். எழுதும்போது அவர் மொழியை ‘நல்ல தமிழாக’ மாற்றாதீர்கள். ரயில் என்று அவர் சொல்லவில்லை, கோச்சி என்றார் என்றால் கோச்சி என்றே இருக்கட்டும். காம்பரா, இஸ்தோப்பு, பெரட்டு, செக்ரோல், சாயத்தண்ணி எல்லாவற்றுக்கும் கடைசிப் பக்கத்தில் பொருள் எழுதினால் போதும். பிள்ளைகளுக்காக ஆங்கில வரிகளைக் கீழே ஓடவிடலாம், ஆனால் ஒலி அப்பாயியினுடையதாகவே இருக்க வேண்டும். தமிழ் படிக்க வராத பிள்ளைகளுக்கும் தமிழ் கேட்க வரும்.

மகனுக்கு ஒன்பது வயது. அவனுக்குக் கதையைவிடச் சாப்பாடு வசதி. தேங்காய் ரொட்டியும் கட்டச்சம்பலும் அப்பாயி செய்யட்டும், அவன் பக்கத்தில் தராசோடு நிற்கட்டும். வழக்கமாக இரண்டு பங்கு மாவுக்கு ஒரு பங்கு தேங்காய்த் துருவல் என்பார்கள், ஆனால் உங்கள் வீட்டு அளவு உங்கள் அம்மாவின் கைப்பிடியில் இருக்கிறது. அவர் ‘ஒரு கை’ என்று அள்ளிப் போடுமுன் அந்தக் கையைக் கிச்சன் தராசில் கவிழ்க்கச் சொல்லுங்கள். அறுபது கிராமா, தொண்ணூறா? தண்ணீரையும் சம்பலுக்கான காய்ந்த மிளகாயையும் அப்படியே எடை போடுங்கள், தட்டிய ரொட்டியின் கனத்தை ஸ்கேலால் அளக்கட்டும். கை வேலையாக இருக்கும்போது வாய் தானாகத் திறக்கும். மாவு ரேஷன் கூப்பனில் எவ்வளவு கிடைத்தது, கடைசி நாள் என்ன கட்டிக்கொண்டு கோச்சி ஏறினார்கள் என்பதெல்லாம் இந்த இடத்தில்தான் வரும். போனை அடுப்பிலிருந்து தள்ளி அலமாரியில் வைத்து ஓடவிடுங்கள். சத்தம் கொஞ்சம் கலக்கும், பரவாயில்லை.

இனி பீரோ. பாஸ்போர்ட்டையும் போட்டோக்களையும் ‘பத்திரமாக’ லேமினேட் செய்துவிடாதீர்கள். அந்தச் சூட்டையும் பசையையும் திரும்ப எடுக்க வழியே இல்லை. சட்டத்தின் கண்ணாடியில் ஒட்டிப்போன போட்டோவைப் பிய்க்காமல் கண்ணாடியோடு சேர்த்தே படமெடுங்கள். பிய்த்தால் முகம் கண்ணாடியோடு போய்விடும். ஒட்டும் பக்கம் கொண்ட பழைய ஆல்பத்திலிருந்து எளிதாக வருபவற்றை எடுத்துவிடலாம். போட்டோவை 600 டிபிஐ, ஆவணத்தை 300 டிபிஐ என்று ஸ்கேன் செய்யுங்கள், பின்பக்கத்தையும் சேர்த்து. ஸ்டூடியோ முத்திரையும் பென்சில் எழுத்தும் அங்கேதான் இருக்கும். ஸ்கேனர் இல்லையென்றால் ஜன்னல் வெளிச்சத்தில், பிளாஷ் இல்லாமல், போனைத் தாளுக்கு நேர் மேலே சமமாகப் பிடித்து எடுங்கள். யார் யார் என்பதைப் போட்டோவின் பின்னால் மெல்லிய பென்சிலால் ஓரமாக எழுதுங்கள். பால்பென்னால் அழுத்தினால் முன்பக்கம் தடம் விழும். நீலகிரி ஈரத்தில் பூஞ்சை சீக்கிரம் பிடிக்கும், கோவைக்குக் கொண்டுவந்து வைப்பதானால் அம்மாவிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

ஆவணங்களை வாசிக்கும்போது மூன்றைக் கவனியுங்கள். பெயரின் எழுத்து வீட்டில் கூப்பிடும் பெயரோடு ஒத்திருக்காது, அதிகாரி காதில் விழுந்தபடி எழுதியிருப்பார். வயதும் அப்படியே. வந்திறங்கிய முத்திரைத் தேதி ஒன்றாகவும் அம்மா சொல்லும் மாதம் வேறாகவும் இருந்தால் இரண்டையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், ஒன்றைக் கொண்டு மற்றதை அழிக்க வேண்டாம். மூன்றாவது, பூர்வீக ஊர். திருச்சி ஜில்லா என்று இருந்தால் இன்றைய திருச்சி மாவட்டத்தில் மட்டும் தேடி ஏமாறாதீர்கள். 1974இல் புதுக்கோட்டையும், 1995இல் கரூரும் பெரம்பலூரும் தனி மாவட்டங்களாயின. சேலம் ஜில்லாவிலிருந்து 1965இல் தருமபுரியும் 1997இல் நாமக்கல்லும் பிரிந்தன. இலங்கைப் பக்கம் இதைவிடச் சிக்கல்: ஒரே தோட்டத்துக்கு ஆங்கிலப் பெயர் ஒன்று, தொழிலாளர்கள் வைத்த தமிழ்ப் பெயர் வேறொன்று. அம்மா சொல்லும் பெயர் வரைபடத்தில் இல்லை என்றால் அவர் மறந்துவிட்டார் என்று முடிவு கட்டாதீர்கள். பக்கத்து டவுன், ஸ்டேஷன், ஆறு மூன்றையும் கேட்டு நெருங்குங்கள்.

அழுகை பற்றி எழுதியிருந்தீர்கள். சட்டென்று போனை அணைத்தது தப்பென்று சொல்ல மாட்டேன், ஆனால் அடுத்த முறை அவரிடமே கேளுங்கள்: ‘நிறுத்தட்டுமாம்மா, இல்ல சித்த நேரம் இருக்கட்டுமா?’ பலர் ‘இரு’ என்பார்கள். அழுதது பேச விருப்பமில்லாததால்தான் என்று நாமாக முடிவு செய்துகொள்கிறோம். ஒவ்வொரு அமர்வையும் லேசான விஷயத்தில் முடியுங்கள். காமன் கூத்தில் யார் வேஷம் கட்டினார்கள், எந்தத் துரைக்கு என்ன பட்டப்பெயர் வைத்தார்கள், இப்படி ஏதாவது.

பெரியம்மா ஏன் வரவில்லை என்பதைப் பிள்ளைகளுக்கு நீங்கள் முன்கூட்டியே விளக்கிவிட வேண்டும், அதை அப்பாயி தலையில் வைக்காதீர்கள். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் தோட்டத் தமிழர்களில் மிகப் பெரும்பாலோர் நாடற்றவர்கள் ஆனார்கள். 1964 ஒப்பந்தம் அவர்களைத் தலைக்கணக்காகப் பங்கிட்டது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்க்கலாம் என்று. அந்த மீதியை 1974இல் ஆளுக்கு 75,000 என்று பிரித்துக்கொண்டார்கள். கல்யாணமான அக்கா கணவர் வீட்டோடு ஒரு விண்ணப்பம், தங்கை பெற்றவர்களோடு இன்னொரு விண்ணப்பம் என்றால் முடிவு வேறு வேறாக வந்திருக்கலாம். ஒரே லயத்துக் குடும்பங்கள் இப்படித்தான் இரண்டாயின. இந்தியாவுக்குக் கப்பலேறத் தலைமன்னாருக்குப் போன ரயிலுக்கு மலையகத்தில் ‘ஒப்பாரிக் கோச்சி’ என்றே பெயர் விழுந்தது. இந்தக் கணக்கு தெரிந்த பிள்ளைக்கு அப்பாயியின் அழுகை புரியும். தெரியாத பிள்ளைக்கு அது சங்கடம், எழுந்து போய்விடும்.

இன்னொன்று: இங்கே வந்த பிறகு ‘சிலோன்காரங்க’ என்று இளக்காரமாகப் பேசப்பட்டதால் பலர் பிள்ளைகளிடம் வாயைத் திறக்காமலே இருந்துவிட்டார்கள். உங்கள் அம்மாவுக்கும் அது இருந்தால், கோத்தகிரி வந்த முதல் வருஷங்களைக் கடைசியாகக் கேளுங்கள்.

யார் கேட்கலாம் என்பதை அவர் வாயாலேயே தனியாகப் பதிவு செய்துகொள்ளுங்கள். வீட்டுக்குள் மட்டுமா, சொந்தக்காரர்களுக்குமா, யாருக்கு வேண்டுமானாலுமா என்று துண்டு துண்டாகக் கேளுங்கள். கடன், சண்டை, யாரோ ஒருவரின் கல்யாண விவகாரம் எல்லாம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போனால் அடுத்த விசேஷத்துக்குப் பாதிப்பேர் வர மாட்டார்கள்.

சேமிப்பைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மூன்று நகல், அதில் ஒன்று உங்கள் வீட்டுக்கு வெளியே இருக்கட்டும். ஒன்று கம்ப்யூட்டரில், ஒன்று வெளி ஹார்டு டிஸ்கில் தம்பி அல்லது தங்கை வீட்டில், ஒன்று இணையச் சேமிப்பில். பென்டிரைவை மட்டும் நம்பாதீர்கள். வாட்ஸ்அப்பில் படங்களைப் படமாக அனுப்பினால் தரம் குறையும், டாக்குமெண்டாக அனுப்புங்கள். இரண்டு வருடம் எட்டிப்பார்க்காத கூகுள் கணக்கை அந்த நிறுவனம் அழிக்கலாம், அதனால் பொங்கலுக்குப் பொங்கல் உள்ளே போய் நாலு கோப்பைத் திறந்து ஓட்டிப் பாருங்கள். எழுதிய துண்டுகளையும் லயத்துப் படத்தையும் காகிதத்தில் அச்செடுத்து ஒரு பைலில் போட்டு வையுங்கள். எந்தச் செயலியும் இல்லாமல் திறக்கக்கூடியது அது ஒன்றுதான்.

பெரியம்மா இருக்கிறார் என்றால் தாமதிக்காதீர்கள், இரண்டாவது அமர்வே அவரோடு வீடியோ காலாக இருக்கட்டும். ஒரு போனில் பேச்சு, பக்கத்தில் இன்னொரு போனில் பதிவு. அவர் பக்கம் இருக்கும் பேரப்பிள்ளையிடமும் ஒரு போனில் பதிவு செய்யச் சொல்லுங்கள், இணையம் தடுக்கினாலும் குரல் தப்பாது. பதிவு ஓடுகிறது என்பதை இருவரிடமும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். பிரிந்த நாளைக் கொண்டு தொடங்க வேண்டாம். கொழுந்து மட்டம் பார்க்கச் செடிமேல் வைப்பார்களே, அந்த மட்டக்கம்பு எவ்வளவு நீளம் என்று கேளுங்கள். அக்காளும் தங்கையும் ஒரே நேரத்தில் கையை விரித்துக் காட்டுவார்கள், அளவு ஒத்துப்போகாது, சண்டை வரும். அதனால் கேமராவை முகத்துக்கு மட்டும் நெருக்கி வைக்காமல் கை தெரிகிற அளவுக்குப் பின்னால் தள்ளி வையுங்கள்.